வியாழக்கிழமை மருதாணி

வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்தால் பர்க்கே கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். மருமகளின் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

"விரல விரி."

ஷம்சா விரிப்பாள். வேறு என்ன செய்வது?

லாமு தீவில் கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி என்றால் ஷம்சாவைத்தான் கூப்பிடுவார்கள். இலைத்தூளை மெல்லிய துணியில் சலித்து, எலுமிச்சைச் சாறும் கடுந்தேநீரும் விட்டு, கிராம்புத் தைலம் சொட்டிக் குழைத்து, ஒரு ராத்திரி மூடிவைத்து, மறுநாள் பிளாஸ்டிக் தாள் கூம்பில் அடைத்து அவள் இழுக்கிற கோடு நூலைவிட மெலிசாக இருக்கும். அவள் வரைந்த கொடி மணிக்கட்டில் புறப்பட்டு முழங்கை வரைக்கும் ஏறிப் போவதைப் பார்க்கவே பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவளின் கையில்தான் பர்க்கே, சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது மாதிரி அப்பிக்கொண்டிருந்தாள். பூ கிடையாது, கொடி கிடையாது. விரல் நுனிக்குத் தொப்பி, உள்ளங்கைக்கு ஒரு வட்டம், அவ்வளவுதான். போன வாரத்துச் சிவப்பு மங்குவதற்குள் இந்த வாரத்துச் சிவப்பு அதன் மேல் ஏறிவிடும். ஏறி ஏறி ஷம்சாவின் விரல்கள் சிவப்பைத் தாண்டிப் போய், காய்ந்த ஈரலின் நிறத்துக்கு வந்துவிட்டன.

"இது அழகுக்குப் போடலடி," என்பாள் பர்க்கே. "புருஷன் இருக்கிறவ கை வெறுங்கையா இருந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"இப்ப மட்டும் பேசலயா மாமி?"

"பேசட்டும். என் மகன் படகை விட்டு எறங்கற அன்னிக்கு அவங்க வாயில மண்ணு."

பர்க்கேயின் மகன் அத்மான் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தெற்குக் காற்று ஓயப்போகிற சமயம். ஓயவில்லை என்பது கடலுக்குள் போன பிறகுதான் தெரிந்தது. மட்டொண்டோனி கிராமத்துப் பக்காரியின் படகில் நான்கு பேர் போனார்கள். பவளப்பாறைக்கு வெளியே படகு கவிழ்ந்தது. கிழவர் ஷீயின் உடலும் ஓமாரியின் உடலும் கரை ஒதுங்கின. பக்காரி மட்டும் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்தபடி உயிரோடு கிடைத்தான். உப்பில் அவன் நெஞ்சுத் தோல் உரிந்து தொங்கியது. அவனைக் கரையில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலில் வந்தவள் பர்க்கே.

"என் மகன் எங்கடா?"

"நீந்திப் போனான் அம்மா," என்றான் பக்காரி. "கரை தெரியுது, ஆளைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வடக்குப் பக்கமா நீந்திப் போனான்."

பர்க்கேக்கு அது போதும். வடக்கே போனால் சோமாலியா. ஏதோ ஒரு படகுக்காரன் அவனைத் தூக்கியிருப்பான். சட்டமில்லாத ஊரில் பிடித்துச் சிறையில் வைத்திருப்பார்கள். ஒரு நாள் விட்டுவிடுவார்கள். அவளுக்கு ஒரே மகன். அவன் வருவான் என்பதைத் தவிர வேறு எதையும் அவள் மனம் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஷீயின் மனைவியும் ஓமாரியின் மனைவியும், மருதாணியோ வேறு அலங்காரமோ இல்லாமல் வீட்டோடு துக்கம் காக்கிற இத்தா இருக்க உட்கார்ந்தார்கள். ஊர்ப் பெண்கள் போய் அவர்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், சோறாக்கிக் கொடுத்தார்கள், குர்ஆன் ஓதினார்கள். ஷம்சாவிடம் வந்தவர்கள் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். என்ன சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. "அல்லா கொண்டுவந்து சேர்ப்பான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். முதல் மாதம் அவளும் நம்பத்தான் செய்தாள். சந்தில் கழுதைக் குளம்புச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஆண் காலடி கேட்டால் அடுப்பை விட்டு எழுந்துவிடுவாள். அப்புறம் எழுவது நின்றது. ஆனால் அழுகையும் வரவில்லை. அழுதால் மாமியார் பார்ப்பாள். அழுவது அவனைக் கொல்வது மாதிரி ஆகிவிடும்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்கிற காஜியாரிடம் ஷம்சா போய்க் கேட்டதற்கு அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "பாத்த சாட்சி இல்லாம ஒருத்தன மௌத்தாயிட்டான்னு நான் எப்படிச் சொல்றது மகளே? செய்தி வர்ற வரைக்கும் நீ அவன் பொண்டாட்டிதான்," என்று சொல்லிவிட்டார்.

அதற்கடுத்த வியாழக்கிழமையிலிருந்துதான் பர்க்கே கிண்ணத்தைத் தூக்கினாள்.

கல்யாண வீடுகளில் மெல்ல மெல்லக் கூப்பிடுவது குறைந்தது. விதவையாக இருந்தால் இத்தா முடிகிறவரை வரமாட்டாள், முடிந்ததும் வருவாள். அது தெரிந்த கணக்கு. இவள் என்ன கணக்கு? ஒரு வீட்டில் பெண்ணின் அத்தை நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஷம்சா, கோவிச்சுக்காதே. நீ யாரு இப்ப? பொண்டாட்டியா, இல்ல மத்ததா?"

"அதை அல்லாகிட்டத்தான் கேக்கணும் அக்கா."

"அதான் சொல்றேன். அவன் பதில் சொல்ற வரைக்கும் எங்க பொண்ணு கையத் தொட வேண்டாம்."

திரும்பி நடக்கையில் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது: "மீனு தின்னுட்டுப் போன ஆளுக்கு வாராவாரம் கையச் சிவப்பாக்கிக்கிறா பாரு." பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஷம்சா கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டாள்.

வடக்குக் காற்று நன்றாகப் பிடித்து, ஊரெல்லாம் கல்யாணம் நடக்கிற மாதம் வந்தது. யாரும் கூப்பிடாத அந்த மாதத்தில் ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. பக்காரியின் தாய். அவள் மகள் ரயாவுக்குக் கல்யாணம்.

"உன் புருஷனும் என் மகனும் ஒரே தட்டுல தின்னவங்க," என்றாள் அந்த அம்மா. "நீ வராம வேற எவ வருவா? யாரு என்ன சொல்றாங்கன்னு நான் பாத்துக்கறேன்."

நிக்காஹ் வெள்ளிக்கிழமை. மருதாணிக்குப் புதன்கிழமை வரச்சொன்னாள். பர்க்கேயும் கூடவே கிளம்பினாள். பக்காரியே படகில் வந்து அழைத்துப் போனான்.

மாங்குரோவ் காட்டை ஒட்டிப் படகு போனது. காற்று ஒத்தாசையாக இருந்தது. ஷம்சா கூம்புகளை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். பர்க்கே நகர்ந்து நகர்ந்து போய்ப் பக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். என்ன கேட்கப்போகிறாள் என்று ஷம்சாவுக்குத் தெரியும். அவனைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பதுதான்.

"நீந்தறப்ப அவன் தெம்பா இருந்தானா?"

"இருந்தான் அம்மா."

"சட்டை போட்டிருந்தானா? குளிரு தாங்கமாட்டான் அவன்."

பக்காரி சுக்கானைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்தான். "இல்லம்மா. கழட்டிட்டான். நீந்தறதுக்குத் தோதா."

"அன்னிக்கு நீலச்சட்டையோட போனான்னு சொன்னியே?"

"சொன்னேனா?" அவன் பாயின் கயிற்றைத் தேவையில்லாமல் அவிழ்த்து மறுபடி கட்டினான். "நீலச்சட்டைதான். ஆமா. போட்டிருந்தான்."

"அப்படிச் சொல்லு," என்று பர்க்கே நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள்.

ஷம்சா அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

ரயாவின் வீட்டில் பெண்கள் கூட்டம் நெருக்கியது. பெண்ணை நடுவில் பாயில் உட்காரவைத்து, கைக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு தலையணை வைத்திருந்தார்கள். ஷம்சா முதலில் கைகளை எலுமிச்சைத் தோலால் துடைத்தாள். மணிக்கட்டில் மல்லிகை மொட்டு, அதிலிருந்து ஒரு கொடி, கொடிக்கு இரண்டு பக்கமும் மாவிலை. கூம்பை எடுத்துவிட்டால் அவளுக்கு உலகம் மறந்துபோகும். அன்றும் மறந்துபோனது, கொஞ்ச நேரம்.

"கறுப்பும் போடு அக்கா, நிறைய போடு," என்றாள் ரயா. கறுப்பு என்றால் பிக்கோ, தலைமயிருக்கு அடிக்கிற சாயத்தூள். தண்ணீரில் குழைத்து ஈர்க்குச்சியால் வரைந்தால் மை மாதிரி நிற்கும். சிலருக்குத் தோல் வெந்து கொப்புளமும் கிளம்பும்.

"ஓரத்துக்கு மட்டும்தான் போடுவேன். முதல் ராத்திரி கையில களிம்பத் தடவிக்கிட்டு உட்காரணுமா நீ?"

"களிம்பத் தடவ அவன் இருக்கானே!" என்று மூலையிலிருந்து ஒரு கிழவி குரல் கொடுக்க, கூட்டம் குலுங்கிச் சிரித்தது. "முழங்காலுக்கு மேலயும் ரெண்டு பூ போடுடி ஷம்சா. பய தேடிக் கண்டுபிடிக்கட்டும்."

ரயா வெட்கத்தில் காலை இழுத்துக்கொண்டாள். கோடு கோணிவிட்டது. ஷம்சா ஈர்க்குச்சியால் அதைச் சுரண்டி எடுத்து ஒரு இலையாக மாற்றினாள். அவளும் சிரித்தாள். சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்ததும் சிரிப்பு நின்றது.

வேலை முடியும்போது வெயில் சாய்ந்திருந்தது. கடலில் ஏற்றம் வரவேண்டும், படகு மிதக்க. பர்க்கே வீட்டுக்குள் தொழ நின்றாள். ஷம்சா கையைக் கழுவுவதற்குக் கரைக்கு இறங்கினாள். அங்கே பாதி கட்டிய ஒரு படகின் நிழலில் பக்காரி குந்தியிருந்தான். கரையில் சற்றுத் தள்ளித் தச்சர்கள் பலகை இழைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் கண்ணில் படுகிற இடம்தான், பேசினால் தப்பில்லை.

"என்ன சட்டை போட்டிருந்தாரு?" என்றாள் ஷம்சா.

அவன் தச்சர்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் உங்க அம்மா இல்ல, பக்காரி அண்ணா. அவரோட அம்மாவும் இல்ல. எங்கிட்ட சொல்லலாம்."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பேசும்போதும் கையை எடுக்கவில்லை.

"அவன் எங்கயும் நீந்தல. படகு பெரண்டப்ப பாய்மரம் அவன் தொடைல விழுந்து ஒடிச்சுது. எப்படி நீந்துவான்? நாங்க ரெண்டு பேரும் அந்தக் கேனைத்தான் பிடிச்சிட்டிருந்தோம். அது ரெண்டு ஆளைத் தாங்காது. மாத்தி மாத்தி முங்கினோம். கை நழுவாம இருக்க அவன் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் கயித்தால கட்டினேன். ராத்திரி பூரா உன் பேரைச் சொன்னான், அம்மா பேரைச் சொன்னான். குளிருது குளிருதுன்னான். விடியறப்ப பேச்சு நின்னுபோச்சு."

"அப்புறம்?"

"வெயில் ஏறினதுக்கு அப்புறம் சுறா வந்துச்சு. அவன் கால்ல ரத்தம். அதைத் தேடித்தான் வந்துச்சு. நான்... நான் கயித்த அவிழ்த்துட்டேன்."

ஷம்சா ஈர மணலில் நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த மருதாணிப் பிசுக்கு அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

"அவிழ்க்கறப்ப மௌத்தாயிருந்தாரா?"

"செத்துட்டான்னுதான் நினைச்சேன்."

"நினைச்சீங்களா?"

"கூப்பிட்டுப் பாத்தேன், பேசல. கண்ணு மூடல. உடம்பு ஐஸா இருந்துச்சு. நான் மட்டும் சூடாவா இருந்தேன்?" அவன் முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "என்ன அடிக்கணும்னா அடி. கரைக்கு வந்து கண்ண முழிச்சா அம்மா நிக்கறாங்க. எங்கடான்னு கேக்கறாங்க. நீந்திப் போனான்னு என் வாயே சொல்லிடுச்சு. சொன்னதுக்கு அப்புறம் எப்படித் திருப்பி எடுக்கறது?"

"இன்னிக்கே மாமிகிட்ட சொல்லுங்க."

"கல்யாணம் முடியட்டும். மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. சத்தியமா சொல்றேன்."

அவள் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். பர்க்கே வந்து, "என்னடி இவ்வளவு நேரம், ஏத்தம் வந்திருச்சு," என்று அதட்டிய பிறகுதான் எழுந்தாள். திரும்பி வருகிற வழியெல்லாம் பர்க்கே கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாள். பக்காரி எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டான்.

மறுநாள் வியாழக்கிழமை. பர்க்கே கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஷம்சா பொறுத்துப்போவதாகத்தான் இருந்தாள். கல்யாணம் முடிகிறவரை, இன்னும் ஒரே ஒரு வாரம். ஆனால் ஈரமான மருதாணி விரலில் பட்டதும் உடம்பு தானாக உதறிக்கொண்டது. கிண்ணம் கவிழ்ந்து பாயெல்லாம் பச்சையாகச் சிதறியது.

"என்னடி!"

"வேண்டாம் மாமி. இனிமே வேண்டாம். அவரு இல்ல."

"யாரு இல்ல?"

"உங்க மகன் இல்ல. அன்னிக்கு விடியறப்பவே மௌத்தாயிட்டாரு. பக்காரி கூடவே இருந்தாரு. தொடை ஒடிஞ்சிருந்துச்சாம். எங்கிட்ட சொன்னாரு." கயிற்றைப் பற்றி அவள் சொல்லவில்லை.

பர்க்கே எழுந்து நின்றாள். சின்ன உருவம், ஆனால் அன்று அறை முழுக்க அவளே நின்ற மாதிரி இருந்தது. கையில் மருதாணியோடே ஷம்சாவின் கன்னத்தில் அறைந்தாள்.

"எவனைப் பாத்து வெச்சிருக்கடி? எவன் கேட்டான் உன்ன? என் மகனை மண்ணுக்குள்ள அனுப்பிட்டு எவன் வீட்டுக்குப் போகப் போற?"

"யார் வீட்டுக்கும் போகல மாமி. பக்காரியைக் கேளுங்க."

"கேக்கறேன். சபையில வெச்சுக் கேக்கறேன்."

சொன்னபடியே செய்தாள். வெள்ளிக்கிழமை மட்டொண்டோனியில் நிக்காஹ் முடிந்து, தேங்காய்ச் சோற்றுத் தாம்பாளங்களைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்திருந்த பந்தலுக்குள் பர்க்கே நேராக நடந்துபோனாள். அவளைத் தடுக்க வந்த பெண்களின் கையை உதறிவிட்டாள். அவள் பின்னாலேயே படகேறி வந்த ஷம்சா பந்தல் ஓரத்தில் நின்றாள்.

"பக்காரி! என் மகன் செத்துட்டான்னு நீ இவகிட்டச் சொன்னியா?"

சோறு பிசைந்த கைகளெல்லாம் நின்றன. மாப்பிள்ளை பார்த்தான், மாப்பிள்ளையின் தகப்பன் பார்த்தார். பக்காரியின் தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பக்காரி எழுந்தான். ஷம்சா நின்ற பக்கம் அவன் கண் ஒருமுறை போய் வந்தது.

"இல்லம்மா," என்றான். "நான் எதுக்கு அப்படிச் சொல்றேன்? அவன் நீந்திப் போனான்."

அந்தப் பந்தலிலிருந்து ஷம்சா எப்படி வெளியே வந்தாள், யாருடைய படகில் திரும்பினாள் என்பது அவளுக்கே பிற்பாடு ஞாபகமில்லை. கயிற்றை அவிழ்த்ததற்குக்கூட அவனை மன்னிக்க முயன்றிருந்தாள், முந்தைய இரண்டு ராத்திரியும் கண்ணை மூடாமல். அந்த "இல்லம்மா"வை மன்னிக்க முடியவில்லை.

பர்க்கே அவளை வீட்டை விட்டுத் துரத்தவில்லை. "என் மகன் வந்து, பொண்டாட்டி எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள். ஆனால் பேச்சை நிறுத்திவிட்டாள். ஷம்சா ஆக்கிய சோற்றைத் தொடுவதில்லை. தனக்கென்று தனிச் சட்டியில் கஞ்சி வைத்துக்கொண்டாள். மருதாணிக் கிண்ணமும் வரவில்லை. ஷம்சாவின் விரல்களில் ஏறிக் கிடந்த கறுப்பு சிவப்பாகி, சிவப்பு மஞ்சளாகி, கடைசியில் நகத்தின் நுனியில் மட்டும் ஒரு பிறை மாதிரி நின்றது. கடைத்தெருவில் பெண்கள் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவள் கையைப் பார்த்தார்கள். "புருஷனைத் தலைமுழுகிட்டா," என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். ஷம்சா மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பர்க்கேயோ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு தூக்கில் தேங்காய்ச் சோறும், இன்னொன்றில் அத்மானுக்குப் பிடித்த புளிமீன் குழம்பும் எடுத்துக்கொண்டு மட்டொண்டோனிக்குப் படகேறினாள். பக்காரியை உட்காரவைத்துப் பரிமாறினாள். "என் மகனைக் கடைசியாப் பாத்த கண்ணுடா இது" என்று அவன் கண்ணைத் துடைத்துவிட்டாளாம். சோற்றை விழுங்கமுடியாமல் அவன் உட்கார்ந்திருப்பானாம். பொய் சொல்லி எத்தனையோ பேரோடு காலம் தள்ளலாம். அந்தச் சோற்றோடு தள்ள முடியவில்லை அவனுக்கு. நாலாவது வெள்ளியோ ஐந்தாவதோ, பர்க்கே வருவதற்கு முன்பே அவன் லாமுவுக்குக் கிளம்பி வந்து காஜியாரின் வாசலில் நின்றான்.

காஜியார் ஆள் அனுப்பி இரண்டு பெண்களையும் கூப்பிட்டார். தனித்தனியாக நடந்து போனார்கள், சந்தின் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. அறையில் பக்காரி தரையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் மரப்பலகையில் குர்ஆன் இருந்தது. அவன் அதன்மேல் கை வைத்து எல்லாவற்றையும் சொன்னான். பாய்மரம், தொடை, கேன், கயிறு, சுறா.

பர்க்கே அசையவில்லை. அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

"கயித்த அவிழ்க்கறப்ப அவனுக்கு மூச்சு இருந்துச்சா?" என்று காஜியார் கேட்டார்.

"இல்ல. செத்துட்டான்."

ஷம்சா தலையைத் தூக்கினாள். படகின் நிழலில் அவன் சொன்னது இது இல்லை. காஜியார் அவள் பக்கம் திரும்பினார்.

"உங்கிட்டயும் இதையேதான் சொன்னானா மகளே?"

ஷம்சா மாமியாரைப் பார்த்தாள். பர்க்கேயின் வாய் லேசாகத் திறந்திருந்தது. குழந்தை தூங்கும்போது திறந்திருக்குமே, அப்படி. இதற்கு மேல் ஒரு சொல் கூடினாலும் அது இந்தக் கிழவிக்குள்தான் போய்க் கிடக்கும், சாகும்வரைக்கும்.

"இதையேதான் சொன்னாரு," என்றாள் ஷம்சா.

காஜியார் எழுதிக்கொண்டார். தேதியைக் கேட்டார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"இத்தாவை மௌத்தான நாள்ல இருந்துதான் எண்ணணும், செய்தி வந்த நாள்ல இருந்து இல்ல. நாலு மாசம் பத்து நாள் எப்பவோ முடிஞ்சுபோச்சு. நீ உட்கார வேண்டியதில்ல."

ஷம்சாவுக்கு முதலில் புரியவில்லை. "அந்த நாள்ல எல்லாம் நான் மருதாணி போட்டுக்கிட்டிருந்தேன்."

"தெரியாம செஞ்சதுக்குக் குத்தமில்ல."

"கல்யாண வீட்டுக்குப் போனேன். சிரிச்சேன்."

"அதுக்கும் குத்தமில்லம்மா."

"இப்ப உட்காரலாமா? கொஞ்ச நாளாவது?"

"அதுக்குக் காலம் முடிஞ்சிருச்சு. நீ போகலாம்." அவர் இரக்கமுள்ள மனிதர்தான். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போனது.

பக்காரி வாசலில் வந்து நின்றான். ஷம்சா அவனைத் தாண்டிப் போனாள். அவனும் கூப்பிடவில்லை. அந்த மாதமே அவன் படகைத் தம்பியிடம் விட்டுவிட்டு மொம்பாசாவுக்குப் போனான் என்று பிறகு சொன்னார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பர்க்கே தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பகல் போனது. ஷம்சா சோறாக்கி இறக்கிவைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. அஸர் பாங்கு சொல்லி முடிந்து வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. வாரக்கணக்கில் அவளோடு பேசாத குரல்.

"ஷம்சா."

"இங்கதான் இருக்கேன் மாமி."

"குளிருதுன்னு சொன்னானாடி?"

"சொன்னாராம்."

"நான் சொல்லல, தாங்கமாட்டான்னு?" குரல் கதவுக்குப் பக்கத்தில் வந்தது. "கலிமா சொன்னானா?"

சாகிறவன் நாவில் கடைசியாக இருக்கவேண்டிய அந்த வார்த்தைகளைப் பற்றி ஷம்சா பக்காரியிடம் கேட்கவே இல்லை. உன் பேரைச் சொன்னான், அம்மா பேரைச் சொன்னான் என்றான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை.

"சொன்னாராம் மாமி. வாய் விட்டுத் தெளிவா சொன்னாராம். அதுக்கப்புறம்தான் பேச்சு நின்னுதாம்."

கதவு திறந்தது. பர்க்கே தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மருமகளைப் பார்க்கவில்லை. படியிறங்கிச் சந்துக்குப் போனாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த பெண்ணிடம், "என் மகன் மௌத்தாயிட்டான்," என்றாள். அந்தப் பெண் கட்டிப்பிடிக்க வருவதற்குள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள். "என் மகன் மௌத்தாயிட்டான்." அதற்கடுத்த வீட்டுக் கதவைத் தட்டியபோது அவள் குரல் உடைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஷம்சா ஓடிப்போய்த் தோளைத் தாங்கினாள். பர்க்கே உதறவில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

கதவைத் திறந்தவர்களிடம் ஷம்சாதான் சொன்னாள்.